காஞ்சனாவுக்கு, சால்மன் விஷயமாக

பட்டர்வொர்த்

அன்புள்ள காஞ்சனா,

இங்கே எல்லாரும் நலம். அவருக்கு முட்டிவலி அப்படியேதான், வாய் மட்டும் குறையவில்லை. பதில் தாமதமானதற்கு சரோஜா ஏற்கெனவே திட்டி முடித்துவிட்டாள், நீ புதிதாகத் தொடங்காதே.

முதலில் அவசரம். மருமகள் ஆபீசுக்கு எடுத்துப்போக எந்த சால்மன் நல்லது என்று கேட்டு நீ படம் பிடித்து அனுப்பிய நான்கில், அந்தப் புகைபோட்ட சால்மனை அவளுக்குக் கட்டிக் கொடுக்காதே. காற்றை உறிஞ்சி ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பார்த்து அதையும் டின்னோடு சேர்த்துவிட்டாய். அது வெந்த மீனே இல்லை. உப்பில் ஊறவைத்து, மிதமான சூட்டில் புகை காட்டியது. கடையில் குளிர்பெட்டியிலிருந்துதானே எடுத்தாய்? செந்தூலில் கொமுட்டர் ரயில் ஏறி, ரயில் மாறி, அவள் ஷா ஆலாம் ஆபீசில் பையைத் திறக்கும்போது மத்தியானம் ஆகிவிடும். அதை ஃபிரிஜ்ஜில் வைத்தாலும் லிஸ்டீரியா என்கிற கிருமி மெதுவாக வளரும். மாசமாக இருப்பவளுக்கு அது வந்தால் வயிற்றுப்பிள்ளைக்கே ஆபத்து. விளையாட்டில்லை, காஞ்சனா. காசு போட்டு வாங்கியதை எறிய மனமில்லையென்றால், உள்ளே 74 டிகிரி வரும் அளவுக்கு, ஆவி பறக்கச் சூடாக்கி வீட்டிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

டின் மீன் வேறு ரகம். பச்சை மீனைத் துண்டாக்கி, உப்புப் போட்டு, டின்னை மூடிய பிறகுதான் அழுத்தத்தில் 115 டிகிரிக்கு மேல் வேக வைக்கிறார்கள். திறக்கும்வரை அலமாரியில் கிடக்கலாம். பாதரசமும் சால்மனில் மிகக் குறைவு, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை அவள் தாராளமாகச் சாப்பிடலாம்.

முள்ளைப் பார்த்து முகம் சுளித்தாயாமே! அந்தச் சூட்டில் முள் விரலால் நசுக்கினாலே பொடியாகிவிடும். 100 கிராம் மீனில் 200 மில்லிகிராமை ஒட்டிக் கால்சியம் கிடைப்பது அந்த முள்ளால்தான். முள்ளும் தோலும் நீக்கியது என்று கூடுதல் காசு வாங்குகிறார்களே, அதைப் பெரும்பாலும் முதலில் வேகவைத்து, சுத்தம் செய்து, தண்ணீர் சேர்த்து மறுபடி அடைக்கிறார்கள். சக்கையாக இருக்கும், கால்சியமும் போச்சு. காசைக் கூடக் கொடுத்துச் சத்தைக் குறைத்து வாங்குவானேன்?

சிவப்பா, பிங்கா என்று கேட்டிருந்தாய். இரண்டும் வேறு வேறு மீன்கள். சிவப்பு என்பது சாக்கை என்கிற சால்மன், கொழுப்பும் ருசியும் கூட, விலையும் கூட. பிங்க் மெல்லிய ருசி. வெங்காயம், மிளகாய் போட்டுப் பிசையப்போகிறாய் என்றால் பிங்க் போதும். டின்னில் அலாஸ்கா என்றிருந்தால் கடல் மீன், அங்கே 1990 முதல் மீன் பண்ணைக்கே தடை. அட்லாண்டிக் என்றிருந்தால் பண்ணை மீன் என்றே எடுத்துக்கொள். எடை பார்க்கும்போது பெராட் பெர்சிஹ் என்கிற நிகர எடையை விட்டுவிட்டு பெராட் தோஸ்கான் என்கிற வடித்த எடையைப் பார், வடித்த பிறகு எவ்வளவு மீன் மிஞ்சும் என்பது அதில்தான் தெரியும். ஆனால் முள்ளோடு அடைத்த டின்னில் இருக்கும் நீரைக் கொட்டிவிடாதே, அது மீன் விட்ட சாறு, நல்ல எண்ணெய் அதில் இருக்கிறது.

உள்ளே கண்ணாடித் துண்டு போல ஏதாவது பளபளத்தால் கடைக்காரரிடம் சண்டைக்குக் கிளம்பாதே (உன்னைத் தெரியும்). வெதுவெதுப்பான வினிகரில் போட்டு வை, கரைந்தால் மீனிலேயே உருவான உப்புப் படிகம், கரையாவிட்டால் சண்டைக்குப் போ. உப்பிய டின், ஒழுகும் டின், விளிம்புத் தையலில் நசுங்கிய டின் மூன்றையும் மலிவு விலைக்குப் போட்டாலும் தொடாதே. 1978இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஒரே சால்மன் டின்னைச் சாப்பிட்ட நாலு பேருக்கு பாட்டுலிசம் என்கிற, நரம்பை முடக்கும் நச்சு நோய் வந்து, இரண்டு பேர் இறந்தார்கள். டின்னில் சின்ன ஓட்டை, அவ்வளவுதான்.

ரயிலுக்கு டின்னைவிட, சின்னப் பையில் அடைத்து வேகவைத்த சால்மன் ரகம் நல்லது. வடிக்க வேண்டாம், மூடி கையை அறுக்காது. குளிர்பெட்டியில் வைத்திருந்த பை வேண்டாம், சாதாரண அலமாரியில் இருப்பதை எடு. சாவிக்கொத்தோடு போடாதே, ஓட்டை விழும். மிச்சம் வைக்கிற பேச்சே கூடாது, நம் வெயிலுக்குத் திறந்தது ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிது. வீட்டில் திறந்த டின் என்றால் கண்ணாடி டப்பாவுக்கு மாற்றி ஃபிரிஜ்ஜில் மூன்று நாள்.

213 கிராம் டின்னுக்கு நாலு சின்ன வெங்காயம், சில்லி பாடி என்கிற குட்டிக் காரமிளகாய் இரண்டு, மல்லித்தழை. உப்பு வேண்டாம், மீனிலேயே இருக்கிறது. இது இரண்டு பேருக்கு. ஆபீசுக்கு ஒரு சின்னப் பை என்றால் இதில் பாதி. வெங்காயமும் மிளகாயும் தனி டப்பாவில், லீமாவ் கஸ்தூரி என்கிற குட்டி எலுமிச்சையை அறுக்காமல் அப்படியே கொடுத்துவிடு. காலையிலேயே பிழிந்து பிசைந்தால் வெங்காயம் நீர் விட்டு ரொட்டி சொதசொதவென்று ஆகிவிடும். ரொட்டியைவிட கிரீம் கிராக்கர் பிஸ்கட் தேவலை. காலையில் கட்டிய சோறு மத்தியானம் வரை வெளியே கிடக்க வேண்டாம்.

சார்டின் போதாதா என்று உன் வீட்டுக்காரர் கேட்பார். சத்தில் போதும், விலையும் பாதிகூட வராது. தக்காளிக் குழம்போடு ரயிலில் திறந்து பார்க்கச் சொல், அப்புறம் பேசட்டும்.

நீ அனுப்பிய படத்தில் இருந்த அந்த மயோனிஸ் கலந்த டின்னில் மீனைத் தேடத்தான் வேண்டும். சரோஜாவிடம் தள்ளிவிடு, அவள் எதையும் சாப்பிடுவாள்.

அன்புடன்,
லெட்சுமி