மேற்கு ஜன்னல் திரையும் ராத்திரி மூன்று மணியும்

பழங்காநத்தம், மதுரை.

அன்புள்ள மாப்ள,

இங்கே எல்லோரும் நலம். உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். முக்கால்வாசி கொத்தனாரைத் திட்டியிருக்கிறாய், கடைசியில் போகிற போக்கில் ஒரு கேள்வி: "உன் மகன் போட்ட மாதிரி ஜன்னலுக்கு மோட்டார் திரை போடலாமாடா?" போனில் சொன்னால் பாதியிலேயே "சரி சரி" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். உட்கார்ந்து படி.

போடலாம். ஆனால் சுவர்ப் பூச்சு முடிவதற்குள் இதைப் படித்துவிடு.

நாங்கள் போட்டது அம்மாவின் அறைக்கு. இடுப்பு ஆபரேஷனுக்கு அப்புறம் அம்மாவின் கட்டில் மேற்கு ஜன்னலோரம்தான். சித்திரை வெயில் மத்தியானத்துக்கு மேல் அந்தப் பக்கம் எப்படி அடிக்கும் என்று உனக்குத் தெரியாததா? இரண்டரைக்குத் திரை தானாக இறங்கணும், ஆறு மணிக்குத் தானாக ஏறணும், அம்மா தெருவைப் பார்க்கணும். பயலின் திட்டம் இவ்வளவுதான். குழாய்க்குள்ளேயே மோட்டாரும் பேட்டரியும் இருப்பதால் சுவரைக் குடைய வேண்டியதில்லை. செல்போன் கட்டளையை வாங்கித் திரைகளுக்கு அனுப்புகிற ஹப் என்ற பெட்டி பட்டாசாலையில், ரவுட்டருக்குப் பக்கத்தில். கொஞ்ச நாள் தெருவே வந்து வேடிக்கை பார்த்தது.

அப்புறம் ஆரம்பித்தது வம்பு. ஒரு நாள் மூன்று திரையும் இறங்கும், மறுநாள் ஒன்று மட்டும் இறங்கும், அடுத்த நாள் எதுவுமே அசையாது. செல்போனைப் பார்த்தால் 'மூடியாயிற்று' என்று சாதிக்கும். அம்மா முகத்தில் வெயில். உன் தங்கச்சி பழைய வேட்டியைக் கிழித்து ஜன்னலில் கட்டிவிட்டு, "இதுக்கு ரீசார்ஜ் வேண்டாம்" என்றாள்.

கடைக்காரன் அனுப்பிய பையன் பார்த்தவுடன் மோட்டார் போச்சு என்றான். நான் ரிமோட்டை அழுத்திக் காட்டினேன், ஜம்மென்று ஓடியது. இதைக் குறித்து வைத்துக்கொள். எங்கள் திரையில் ரிமோட் 433 மெகாஹெர்ட்ஸில் நேராக மோட்டாரோடு பேசும், ஹப் பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸில், ஜிக்பி என்கிற ரேடியோ முறையில். ரிமோட்டுக்கு ஒழுங்காக ஓடினால் மோட்டாரும் பேட்டரியும் நன்றாக இருக்கின்றன, கோளாறு ஹப்பிலிருந்து வரும் வழியில். அவன் கேட்கவில்லை. மோட்டார் முனையில் இருக்கும் பொத்தானைக் குச்சியால் நீளமாக அழுத்தினான். மேல் எல்லை, கீழ் எல்லை இரண்டும் அழிந்துவிட்டன. திரை மேலே போய் நிற்க மறந்து, அடிப்பட்டையையும் சேர்த்து இழுத்து மேல் பெட்டிக்குள் கோணலாகச் செருகிக்கொண்டது. ஸ்டூல் போட்டு ஏறி அதை எடுத்ததில் என் கட்டை விரல் நகம் கறுத்ததுதான் மிச்சம்.

அப்புறம் அலைவரிசையைப் பார்த்தோம். வைஃபையும் ஜிக்பியும் ஒரே 2.4-இல் நெருக்கியடிக்கும். ரவுட்டரை 1-ஆம் சேனலிலும் ஜிக்பியை 25-இலும் வைத்தால் ஒன்று மற்றதன் காலை மிதிக்காது. ஆனால் ஜிக்பி சேனலை மாற்றினால் பல சாதனங்களைத் திரும்பச் சேர்க்க வேண்டி வரும், முதலிலேயே செய்துவிடு. ஹப்பை ரவுட்டரிலிருந்து தள்ளி வைத்தோம். கொஞ்சம் தேவலை. முழுசாகச் சரியாகவில்லை.

இனிதான் விஷயம். பேட்டரியில் ஓடும் திரைகள் சிக்னலைக் கைமாற்றிவிடாது, பாதி நேரம் தூங்கும். பட்டாசாலைக்கும் அம்மா அறைக்கும் நடுவே தடிச்சுவர், போதாக்குறைக்கு இரும்பு பீரோ. அதனால் நடையில், சிக்னலைக் கைமாற்றிவிட, கரண்டில் ஓடும் ஒரு ஸ்மார்ட் பிளக் மாட்டியிருந்தான் பயல். தண்ணீர் வண்டியில் நடுவில் நின்று குடத்தை வாங்கிக் கொடுக்கிற ஆள் மாதிரி அது. அந்த ஆள் இல்லையென்றால் திரைக்குச் சேதி போகாது. பிளக் திரும்பி வந்தாலும் தூங்குகிற திரை அதைத் தேடிப் பிடிக்க நேரமாகும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் பிடிக்கும். அதுதான் ஒரு நாள் ஒன்று, ஒரு நாள் மூன்று.

பெங்களூரில் இருந்தபடியே ஹப்பின் பதிவைப் பார்த்துவிட்டுப் பயல் கேட்டான்: "அப்பா, அந்த பிளக் ராத்திரி மூணு மணி வாக்கில் காணாமல் போகுது. கரண்ட் போகுதா?" போகவில்லை. போனால் இன்வெர்ட்டர் கத்துமே. காலையில் உன் தங்கச்சி அங்கே போனைச் சார்ஜ் போடும்போது சுவிட்சைப் போடுவாள், அதனால்தான் மெக்கானிக் வரும் நேரத்தில் எல்லாம் யோக்கியமாக ஓடியிருக்கிறது.

அன்று ராத்திரி பட்டாசாலையில் பாயைப் போட்டுப் படுத்தேன். தூங்கவில்லை. டக், டக் என்று வாக்கர் சத்தம். அம்மா.

மாப்ள, கூட ஆள் இல்லாமல் எழுந்திரிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பகலில் பாத்ரூமுக்குப் போக இரண்டு பேர் பிடிக்கிறோம். ராத்திரியில் அவள் தனியாக, சுவரை ஒரு கையால் தடவிக்கொண்டு வருகிறாள். பிளக்கில் எரிகிற பச்சைப் புள்ளியைப் பார்த்தாள். "ஆளில்லாத எடத்துல என்ன கரண்ட்டு" என்று முனகிவிட்டு டப்பென்று சுவிட்சை அணைத்தாள். அப்படியே அடுப்படிக்குப் போய், பானை மூடியைச் சத்தமில்லாமல் நகர்த்தி, ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு நின்றபடியே குடித்தாள். திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள். எழுந்து பிடிப்பதா, பேசாமல் கிடப்பதா என்று தெரியாமல் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன்.

எனக்குச் சந்தோஷம்தான், நடக்கிறாளே! பயமும்தான். இன்னொரு தடவை விழுந்தால் அந்த எலும்பு தாங்காது. உன் அப்பா விஷயத்தில் நீ பட்டது எனக்குத் தெரியும்.

பிளக்கை இப்போது பரணுக்கு மாற்றிவிட்டேன், இன்வெர்ட்டர் லைனில். திரைகள் அதற்கப்புறம் ஒரு நாளும் தவறவில்லை. நடையில் ஆள் வந்தால் தானே எரிகிற விளக்கு மாட்டியிருக்கிறேன், அடுப்படி வாசலில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. "இதெல்லாம் எதுக்கு?" என்றாள் அம்மா. பூனை வருகிறது என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை. டாக்டரிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் கட்டிலுக்குக் கம்பி வேலி போடச் சொல்வாரோ என்று இருக்கிறது.

சரி, இனி உன் வீட்டு விஷயத்துக்கு வருவோம். எலக்ட்ரீஷியனிடம் ஒவ்வொரு ஜன்னலின் மேல் ஓரத்திலும் ஒரு பாயிண்ட் கேள், இன்வெர்ட்டர் லைனில். பேட்டரி இல்லாமல் வீட்டுக் கரண்டிலேயே ஓடும் மோட்டாராக வாங்கு. அதை விடாமல் நாலைந்து நிமிஷம் ஓட்டினால் சூட்டில் தானே நின்றுவிடும். எரிந்துபோச்சு என்று கழற்றாதே, ஆறியதும் ஓடும். பேட்டரிதான் என்றால் மேற்கு ஜன்னலில் உச்சி வெயிலில் சார்ஜ் போடாதே. 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றுவது லித்தியத்துக்கு ஆகாது. அப்புறம், 2022-இல் வந்த மேட்டர் என்கிற, பல கம்பெனிகளுக்கும் பொதுவான தரத்துக்கு ஒத்துவருமா என்று கேட்டு வாங்கு, ஒரே கம்பெனியின் ஆப்பைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் பண்ணு. இன்னும் உன்னைப் "பரோட்டாக்காரன்" என்றுதான் விசாரிக்கிறாள். ராத்திரி நடக்கிறதை என்னிடம் சொல்ல மாட்டாள், உன்னிடம் சொல்வாள். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாமல் கேள். டாக்டரிடம் சொல்லலாமா வேண்டாமா என்பதை அதற்கப்புறம் நீயே எனக்குச் சொல்லு.

உன்,
கடைசி பெஞ்ச்