படிக்காசு தந்த இறைவனும் பஞ்ச காலமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறுவடைக் காலத்தில் மழை பெய்து சம்பாக் கதிர்கள் வயலிலேயே சாய்ந்துவிடும் ஆண்டுகளில், எங்கள் பக்கத்துக் கோயில் சொற்பொழிவுகளில், "எல்லாம் அவன் செயல், இதுவும் நன்மைக்கே" என்ற வாசகம் தவறாமல் ஒலிக்கிறது. சொல்பவர்களின் பக்தியில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதே வாசகத்தை நெல்லைப் பறிகொடுத்தவர் தாமே சொல்லிக்கொள்வதற்கும், மேடையிலிருப்பவர் அவருக்கு எடுத்துச் சொல்வதற்கும் வேறுபாடு உண்டு.

துன்ப காலத்தில் இறைவனை நம்புவது எப்படி என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. திருவாரூர் மாவட்டத்தில், பூந்தோட்டத்திற்கு அருகிலுள்ள திருவீழிமிழலையில் அப்பரும் சம்பந்தரும் தங்கியிருந்தபோது பஞ்சம் வந்தது. இறைவன் அவர்களுடைய கனவில் தோன்றி, "உங்களுக்கு வாட்டமில்லை என்றாலும் உங்களைச் சார்ந்தவர்களுக்காகத் தருகிறோம்" என்று சொல்லி, நாள்தோறும் கிழக்குப் பீடத்தில் ஒரு காசும் மேற்குப் பீடத்தில் ஒரு காசும் வைத்தருளினார் என்பது வரலாறு. பஞ்சம் அன்றே தீர்ந்துவிடவில்லை. கிடைத்த காசை அவர்கள் கடைக்கு அனுப்பிப் பண்டம் வாங்கி, சமைத்து, அடியார்கள் வந்து உண்ணுமாறு இருவேளையும் பறையறைந்து அழைத்தார்கள். அருள் வந்த பிறகும் அடுப்பு மூட்டுவது மனிதர் வேலையாகத்தான் இருந்தது.

சொற்பொழிவாளர்கள் வேகமாகக் கடந்துபோகும் பகுதி இதற்கு அடுத்தது. சம்பந்தருக்குக் கிடைத்த காசைக் கடைக்காரர்கள் வட்டம் (காசின் மதிப்பில் ஒரு கழிவு) பிடித்துக்கொண்டே மாற்றித் தந்ததால், அவர் திருமடத்தில் உணவு தாமதமானது. உழவாரத் தொண்டு செய்த அப்பரின் காசுக்கு அந்தக் குறை இல்லை. சம்பந்தர் இதை விதியென்று விட்டுவிடாமல், குறையில்லாத காசு தாரும் என்று இறைவனிடமே பதிகம் பாடிக் கேட்டார், கிடைத்தது. நம்பிக்கை உள்ளவன் முறையிடக் கூடாது என்று சொல்பவர்கள் இந்தப் பதிகத்தை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை.

கடந்த தை மாதம் எங்கள் ஊர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில், ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது என்று திருப்பப்பட்ட குவியலுக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள் தார்ப்பாயை விரித்துக்கொண்டிருந்தார். ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்துவிட்டு, "மாரியாத்தா, உனக்கு என்னடி குறை வச்சேன்?" என்று வானத்தைப் பார்த்துக் கேட்டார்; உடனே குனிந்து தார்ப்பாயின் நான்கு முனைகளிலும் கல்லை வைத்தார். இதை அவநம்பிக்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோபித்துக்கொள்ளவும் உரிமை உள்ள இடத்தில்தானே கோபித்துக்கொள்கிறோம்!

2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்களும் அவர்களில் உண்டு. அதற்குக் கணக்குச் சொல்லத் துணிபவரை எந்த மதத்திலும் நான் நம்பமாட்டேன். ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டு மின்சாரம் நாள்கணக்கில் இல்லாதிருந்தபோது, முன்பின் அறியாத மாவட்டங்களிலிருந்து அரிசியும் குடிநீரும் மெழுகுவத்தியும் ஏற்றிக்கொண்டு வந்த வண்டிகளைப் பார்த்தவர்கள், கடவுள் கைவிடவில்லை என்று தாங்களாகவே சொன்னார்கள். அப்போது அவர்களுக்கு யாரும் உபதேசம் செய்யவில்லை.

ஆகவே, தங்கள் நாளிதழின் ஆன்மிகப் பக்கத்தில் பரிகாரத் தலங்களுக்கு ஒதுக்கப்படும் இடத்தில் கொஞ்சத்தைக் குறைத்து, திருவீழிமிழலை வரலாற்றை அந்தக் காசுக் குறையோடும் சேர்த்து முழுமையாக வெளியிட வேண்டுகிறேன். டெல்டாவில் சொற்பொழிவு செய்ய வருபவர்களும், மழையில் நெல் நனைந்த ஆண்டிலாவது, அதை விடாமல் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருவாரூர் மாவட்டம்.