புனித ராடெகுண்டா நூலுக்குத் துணைநின்றோர்க்கு நன்றி மடல்

இறையேசுவில் அன்புக்குரியவர்களே, வணக்கம்.

அரசியாயிருந்து துறவியான புனித ராடெகுண்டாவைப் பற்றிய எங்கள் சிறுநூல் அச்சேறிவிட்டது. தம் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று உதவியவர்கள் அனைவரும் கேட்டுக்கொண்டதால், பெயர் சுட்டாமலே இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, இலத்தீன் மூலங்களை வரிவரியாக வாசித்துப் பொருள் சொன்ன அருள்தந்தைக்கு. 531ஆம் ஆண்டில், இன்றைய பிரான்சை ஆண்ட பிராங்கிய இனத்தார் இன்றைய ஜெர்மனியில் உள்ள துரிங்கியாவை வென்றபோது சிறுமியாகச் சிறைபிடிக்கப்பட்டு, பின்னர் அந்த வெற்றியில் பங்குகொண்ட மன்னன் குளோத்தாருக்கே மனைவியாக்கப்பட்டவர் ராடெகுண்டா. உடன் சிறைப்பட்ட சகோதரனையும் அம்மன்னன் கொல்வித்த பிறகு, அரண்மனையை விட்டு வெளியேறி, ஆயர் மெதாரின் கையால் திருத்தொண்டராக அருள்பொழிவு பெற்றார். பக்தி நூல் என்பதற்காக இந்தக் கசப்பைப் பூசி மெழுக வேண்டாம் என்று அருள்தந்தை உறுதியாகச் சொன்னதால்தான் முதல் இயல் இன்றுள்ள வடிவம் பெற்றது.

அதைவிடப் பெரிய கடன் ஓர் அருள்சகோதரிக்கு. ராடெகுண்டாவின் நண்பரும் கவிஞருமான வெனான்சியுஸ் ஃபொர்த்துனாத்துஸ் எழுதிய வரலாற்றையே நாங்கள் பெரிதும் நம்பியிருந்தோம். அவர் நோன்பையும் உடலை வருத்தும் தவத்தையும் விரித்து எழுதியவர். பிரான்சின் புவாத்தியே நகரில் ராடெகுண்டா நிறுவிய மடத்திலேயே வாழ்ந்த பௌதோனீவியா என்ற துறவி எழுதிய இரண்டாம் வரலாற்றையும் சேர்த்தே ஆகவேண்டும் என்று அச்சகோதரி விடாது வலியுறுத்தினார். மன்னர்கள் மோதிக்கொள்ளும்போதெல்லாம் சமாதானம் வேண்டி மடல் எழுதிய, கொன்ஸ்தாந்திநோபிள் பேரரசரிடமிருந்து திருச்சிலுவைத் துண்டை வரவழைத்த ராடெகுண்டாவை அங்கேதான் பார்க்கிறோம். என் கணிப்பில், முதல் ஏடு ஒரு தவசியைக் காட்டுகிறது. பெண் எழுதிய ஏடு, மடத்துக்குள்ளும் அரசியாகவே விளங்கிய ஒரு தவசியைக் காட்டுகிறது.

அத்திருச்சிலுவைத் துண்டு 569ஆம் ஆண்டில் வந்தபோது ஃபொர்த்துனாத்துஸ் இயற்றிய ‘வெக்ஸில்லா ரேஜிஸ்’ என்ற இலத்தீன் பாடல் புனித வாரத்தில் இன்றும் பாடப்படுகிறது. அதன் சந்தத்தைப் பாடியே விளக்கிய பாடகர் குழு ஆசிரியருக்கு நன்றி. பேரரசர் யுஸ்தினுக்கும் அரசி சோபியாவுக்கும் அக்கவிஞரே நன்றிக் கவிதை ஒன்றும் எழுதினார். அதனோடு ஒப்பிட இம்மடல் மிக எளியது. திருச்சிலுவையை மடத்தில் நிறுவ மறுத்த உள்ளூர் ஆயர் மரோவேயுஸ், 587இல் ராடெகுண்டா இறந்தபோது அடக்கத்துக்கும் வரவில்லை. தூர் நகர ஆயர் கிரகோரியே வந்து அதை நடத்தினார். மரோவேயுஸ் மீது எனக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு. அதை நூலில் சற்றுத் தணித்த மெய்ப்புத் திருத்துநருக்கும் நன்றி.

பிரான்சிலிருந்து கல்லறைக் கோவிலின் படங்களை அனுப்பிய நண்பருக்கும், தாள் விலை ஏறிய பின்னும் பேசிய தொகைக்கே அச்சிட்டுத் தந்த அச்சகத்தாருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். புனிதையின் திருநாளான ஆகஸ்ட் 13க்கு முன்பாக உங்கள் பிரதிகள் அஞ்சலில் வந்து சேரும்.

நன்றியுடன்,
நூலாசிரியர்