கால்பந்து போகட்டும், மற்ற அணிகள் ஏன்?

ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கல்லூரி அணிகள் லீக் மாறுவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். 1915இல் வேர்விட்ட, மேற்குப் பகுதிப் பல்கலைக்கழகங்களின் பேக்-12 லீக்கை விட்டு 2024இல் பத்துப் பல்கலைக்கழகங்கள் போய்விட்டன. மிஞ்சியவை ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டுதான். காரணம் தொலைக்காட்சிப் பணம். அதிலும் பெரும்பகுதி அமெரிக்கக் கால்பந்து (நம் ஊர்க் கால்பந்து அல்ல) ஈட்டித் தருவது. சரி, வருகிற பணத்தை எந்த நிர்வாகமும் வேண்டாம் என்று சொல்லாது. ஆனால் வாலிபால், நீச்சல் பிள்ளைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவானேன்? மேற்குக் கரை லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் யுசிஎல்ஏ பல்கலைக்கழகமும் கிழக்குக் கரை நியூஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகமும் இன்று ஒரே 'பிக் டென்' லீக்கில். (பெயரில்தான் பத்து, உறுப்பினர்கள் 18!) பசிபிக் கரையோரத்து ஸ்டான்ஃபோர்ட் ஆடுவதோ 'அட்லாண்டிக் கோஸ்ட்' லீக்கில்.

மேற்குக் கரையில் படிக்கும் என் அண்ணன் மகள் வாலிபால் ஆடுகிறாள். வியாழக்கிழமை விமானம் ஏறினால் திங்கள் விடியற்காலையில்தான் விடுதிக்குத் திரும்புகிறாள். போன பருவத்தில் ஒரு தேர்வை விமான நிலைய நாற்காலியில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு எழுதினாள். நோட்டர் டேம் பல்கலைக்கழகம் கால்பந்தில் எந்த லீக்கிலும் சேராமல் தனித்து நிற்கிறது. மற்ற பெரும்பாலான விளையாட்டுகளில் லீக் உறுப்பினராக ஆடுகிறது. அதே வழியில், கால்பந்துக்கு மட்டும் தொலைதூர லீக்கை வைத்துக்கொண்டு, மற்ற அணிகளைப் பேருந்தில் போய்வரும் தூரத்திலுள்ள கல்லூரிகளோடு ஆடவிடலாம். அடுத்த ஒளிபரப்பு ஒப்பந்தம் எழுதும்போதே இதையும் ஒரு விதியாகச் சேர்க்க வேண்டும்.

– ஒரு வாசகி, சான் ஹோசே