எதுகை எங்கே?

அன்புள்ள சுடலை,

உன் கடிதம் ஆனித் தேரோட்டத்துக்கு முந்தின நாள் வந்தது. தேர் நிலைக்கு வந்து, சாரலும் தொடங்கி, இப்போதுதான் பதில் எழுதக் கை வருகிறது. மூட்டுவலிக்கு மருந்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். வலி மாறவில்லை. சரி, அது கிடக்கட்டும்.

பண்டரிபுரம் போய்வந்ததை எழுதியிருந்தாயே, அந்தப் பக்கத்தை இரண்டு தடவை வாசித்தேன். தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்த மராத்திப் பக்திக் கவி சொக்கமேளாவை உயிரோடிருந்தபோது கோயிலுக்குள் விடாதவர்கள், செத்த பிறகு வாசற்படியோரம் சமாதி கட்டிக் கும்பிடுகிறார்கள். 'கரும்புதான் கோணல், சாறு கோணலில்லை, மேல் நிறத்தைப் பார்த்து ஏன் மயங்குகிறாய்' என்கிற அவர் பாட்டு எனக்கும் பிடிக்கும். ஆனாலும் அதில் ஒரு கெஞ்சல் இருக்கத்தான் செய்கிறது. நீ மராத்தி தலித் கவிஞர் நாம்தேவ் தசால் கட்சி, எனக்குத் தெரியாதா? 1972-ல் வந்த அவருடைய 'கோல்பிட்டா' கவிதைத் தொகுப்பை நீ தாராவியில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்த கதையை எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய்! டாக்ஸி ஓட்டிய மனிதர், தெருவில் கேட்ட வசவை அப்படியே கவிதைக்குள் கொண்டுவந்தார். அதுவும் வேண்டியதுதான்.

எனக்கென்னவோ நம்ம சித்தர் சிவவாக்கியர்தான். அவரும் திட்டுகிறவர்தான், ஆனால் 'இறைச்சிதோல் எலும்பினும் இலக்கமிட் டிருக்குதோ' என்கிற இடத்தில் திட்டும் இல்லை, கெஞ்சலும் இல்லை. நம்பர் போட்டிருக்கிறதா, காட்டு என்கிறார். அவ்வளவுதான். எந்தச் சாஸ்திரத்தைப் புரட்டி இதற்குப் பதில் சொல்ல?

இதை எழுதும்போது, உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் இந்தப் பாட்டை வகுப்பில் எடுத்தேன். முதல் அடியில் 'பறைச்சி' என்று சாதிப் பெயர் வருகிறதா, எந்த வீட்டிலிருந்து யார் வந்து நிற்பார்களோ என்று பயம். அதனால் அந்த அடியை விட்டுவிட்டு இரண்டாம் அடியிலிருந்து பலகையில் எழுதினேன். பயல்கள் குனிந்து நோட்டில் எழுதுகிறார்கள். நான் பெஞ்சுகளுக்கு நடுவே நடக்கிறேன். முன்பெஞ்சில் ஒருத்தன் மணிக்கட்டில் சிவப்பும் மஞ்சளுமாய்ச் சாதிக் கயிறு. வேர்வையில் ஊறி அழுக்கேறி, அதன் பிசிறு 'இலக்கமிட்டு' என்கிற சொல்லின் மேல் உரசிக்கொண்டே போகிறது, மசி ஈரத்தை இழுத்துக்கொண்டு. அடுத்த பெஞ்சில் வேறு நிறம். எலும்பில் நம்பர் இல்லையே, அதனால் கையில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்! நம்ம எட்டயபுரத்துக்காரரின் 'சாதிகள் இல்லையடி பாப்பா'வைச் சொல்லி மேடையில் சோப்பு டப்பா பரிசு வாங்கின கையிலும் கயிறு இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

அப்போது கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்தான். கையில் கயிறு கிடையாது. "சார், 'இறைச்சி'க்கு எதுகை எங்க?" என்றான்.

எதுகை கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான்தானே. "இது போதும், உக்காரு" என்றேன். அவன் உட்கார்ந்தான். பெயர் ஞாபகமில்லை என்று சொன்னால் பொய். ஊரும் தெருவும் கூட ஞாபகம் இருக்கிறது, அதனால்தான் கூச்சம்.

அப்புறம் 2023-ல் நாங்குநேரியில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையனை வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்களும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான். அரசு நீதிபதி சந்துருவைக் கொண்டு ஒருநபர் குழு போட்டது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கையில் கயிறு கூடாது என்றும் இருக்கிறது. பேப்பரில் அதைப் படித்த அன்றைக்கு எனக்கு அந்தப் பிசிறுதான் கண்ணில் நின்றது.

போன 23-ஆம் தேதி கொக்கிரகுளம் ஆற்றங்கரைக்குப் போயிருந்தேன். 1999-ல் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனவர்கள், போலீஸ் அடிக்கு ஆற்றில் இறங்கி 17 பேர் செத்த நாள். வருஷாவருஷம் தண்ணீரில் பூப் போடுவார்கள். இத்தனை வருஷம் பாலத்தின் மேல் பஸ்ஸில் போகும்போது எட்டிப் பார்ப்பதோடு சரி. இந்தத் தடவை படியிறங்கினேன். மூட்டு விடவில்லை, பாதியில் நின்றுவிட்டேன். யாரோ கையைப் பிடித்தார்கள். பார்த்தால் அந்தப் பையன். மீசை வைத்து ஆளே மாறிவிட்டான். என்னைக் கீழே வரை கூட்டிக்கொண்டு போய், கையில் கொஞ்சம் அரளிப்பூவையும் வைத்தான்.

திரும்பி ஏறும்போது சிரித்துக்கொண்டே சொன்னான்: "சார், எதுகை அன்னைக்கே லைப்ரரில கெடச்சிட்டு."

தசாலின் தமிழ் மொழிபெயர்ப்பு ஏதாவது கண்ணில் பட்டால் அனுப்பு. தைப் பொங்கலுக்கு வருகிறாயா இல்லையா என்று தெளிவாக எழுது.

உன்,
இசக்கி
பாளையங்கோட்டை