கீழ் வீட்டுப் பெரியவரும் அவர் டூல்ஸ் பையும்

ஸ்டுட்கார்ட்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஃபோனில் ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசாத நீங்கள் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதைப் பார்த்ததும் அம்மாயிக்குத்தான் ஏதோ என்று பயந்துவிட்டேன். பார்த்தால் பட்டறைக் கம்ப்ரசர் ரிப்பேரான கதை. சரி, அதற்கு அப்புறம் வருகிறேன்.

நான் நன்றாக இருக்கிறேன், சாப்பாட்டுக்குக் குறையில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். குளிர்தான். நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது.

கீழ் வீட்டுப் பெரியவரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். இந்த ஊரில் குடியிருப்பவர்கள் வாரமுறை வைத்து மாடிப்படி பெருக்க வேண்டும், யார் முறையோ அவர் வீட்டுக் கதவில் அட்டை தொங்கும். என் வாரத்தில் இவர் படியை விரலால் தேய்த்துப் பார்ப்பார். அப்பேர்ப்பட்டவர், நான் பழைய கார் ஒர்க்‌ஷாப்பில் இருப்பது தெரிந்ததும் ஷெட்டைத் திறந்துவிட்டார். உள்ளே 1964 போர்ஷே 356 சி. இதே ஊர் சுஃபன்ஹவுசனில் செய்தது. எஞ்சின் பின்னால், ரேடியேட்டரே கிடையாது, காற்றில்தான் ஆறும்.

வண்டி ஜம்மென்று ஓடுகிறது. டூல்ஸ் பை முழுசாக இல்லை என்பதுதான் அவருக்குக் கவலை! வண்டியோடு கொடுத்த பையில் ஸ்பேனர்கள், பிளக் ஸ்பேனர், கட்டிங் பிளேயர், ஸ்க்ரூ டிரைவர், உபரியாக ஒரு ஃபேன் பெல்ட் எல்லாம் இருக்கவேண்டும். சைஸ் சரியாக இருந்தால் போதாது, ஸ்பேனரில் அந்தக் காலத்து ஜெர்மன் தர நம்பர், டிஐஎன் 895 முத்திரை இருக்கவேண்டும். சந்தையில் ஒருவர் நீட்டியதில் பிற்பாடு வந்த 3110 நம்பர் இருந்தது, கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் பேசாமல் வைத்துவிட்டார். ஹாசெட் என்கிற டூல்ஸ் கம்பெனி ஸ்டெப்னி ரிம்முக்குள் உட்காருகிற மாதிரி வட்டமாக ஒரு டூல்ஸ் டப்பா போட்டிருந்தது, அதன் மேலும் ஒரு கண். இன்றைக்கு அதற்குக் கேட்கிற விலையை எழுதினால் அம்மா என்னைத்தான் திட்டுவாள்.

டயர் விஷயம் உங்களுக்குப் பிடிக்கும். 165 அகலம், 15 இன்ச். ஸ்டெப்னியில் பழைய டயர், ரோட்டைத் தொடுகிற பட்டன் தேயவே இல்லை, ஆனால் சைடில் அழுத்தினால் முடி முடியாக வெடிப்பு வாய் திறக்கிறது. 2000க்குப் பிறகு வந்த டயரில் செய்த வாரமும் வருஷமுமாக 4 இலக்கம் இருக்குமே, இதில் ஒன்றும் இல்லை. நீங்களாக இருந்தால் கையால் தட்டிப் பார்த்தே ஒதுக்கியிருப்பீர்கள். பிரெல்லியும் மிஷெலினும் பழைய சைஸ், பழைய பட்டன் டிசைனிலேயே புது ரப்பரில் இப்போதும் போடுகிறார்கள். இந்தக் காலத்து அகல டயர் போட்டால் ஸ்டியரிங் கனக்கும், வண்டி பார்க்கவும் சகிக்காது. ஸ்பேனருக்குக் கொட்டுகிற காசை முதலில் டயருக்குப் போடுங்கள் என்றேன், கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் வாங்கிவிட்டார்.

நான்தான் மாட்டிக்கொடுத்தேன். ரிம்மில் ஏற்றும்போது புது ரப்பர் வாசனை. நம் பட்டறையில் பழைய டயருக்குப் புது பட்டன் ஒட்டி வேகவைக்கிற ரீட்ரெடிங் சேம்பரைத் திறந்ததும் அடிக்குமே, அதேதான். கொஞ்ச நேரம் கை ஓடவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டார், குளிர் என்று சொல்லிவிட்டேன். மத்தியானம் இப்போது யாரெல்லாம் சேர்ந்து சாப்பிடுகிறீர்கள் அப்பா? என் டிபன் கேரியரை யார் எடுத்துக்கொண்டது?

இந்த மாதப் பணம் இருபது தேதிக்கு மேல்தான் வரும். பாங்க் விஷயம், வேறொன்றுமில்லை.

கம்ப்ரசருக்கு மறுபடி மோட்டார் கட்டிக் காசை விடாதீர்கள். டேங்கில் துரு இருந்தால் அதை எடைக்குப் போட்டுவிடலாம். சங்ககிரி சித்தப்பா பழைய பாக்கியைத் தீர்க்காமல் அடுத்த லோடு டயர் இறக்கினால் கைவைக்க வேண்டாம், சொந்தம் வேறு கணக்கு வேறு. அம்மாயி கண் ஆபரேஷனைத் தைக்குள் முடித்துவிடுங்கள். சின்னவளுக்கு வந்த பெருந்துறை இடத்தில் பவுன் எவ்வளவு எதிர்பார்க்கிறார்கள் என்று மாமாவை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள், நீங்கள் கேட்டால் சண்டையில் முடியும். நான் வருவதை வைத்துத் தேதி குறிக்க வேண்டாம். சீட்டுப் பணம் கட்டிய ரசீதை மட்டும் தம்பியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள்
பெரியவன்