பெரட்டுக் களத்துக்கு ஒரு நாள் வாருங்கள்

பிரதேச செயலகங்களில் பணியாற்றும் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தர்களுக்கு,

வணக்கம். மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து எழுதுகிறேன். காலையில் எங்களுக்கு வேலை பிரிக்கும் இடம்தான் பெரட்டுக் களம். அங்கே உங்களை அழைக்கத்தான் இந்தக் கடிதம். 2011இல் வீட்டு வேலைக்குச் சவூதி போனேன். போன இரண்டாம் மாதம் மேடம் ஒரு சின்ன அட்டையைக் காட்டிவிட்டு, தன் அலமாரியிலேயே வைத்துப் பூட்டினார். அதுதான் இகாமா, அந்த நாட்டில் நான் தங்குவதற்கான அனுமதியே அதுதான் என்று அப்போது தெரியாது. இரண்டு வருடம் முடிந்து, ஊருக்குப் போகிறேன் என்று அழுது அடம்பிடித்த பிறகுதான் அட்டை கைக்கு வந்தது. எல்லாம் அரபு எழுத்து, அரபு எண். குப்பை கொட்டும் சாக்கில் தெருமுனைக் கடை மலையாளியிடம் நீட்டினேன். 1434 என்று ஆண்டை வாசித்து, விரல்விட்டு எண்ணி, "முடிந்து ஏழு மாதமாகிறதே" என்றார். அது ஹிஜ்ரி என்ற இஸ்லாமிய ஆண்டு என்பதும், அது நம் ஆண்டைவிடப் பதினொரு நாள் அளவில் குறைவு என்பதும் அன்றுதான் தெரிந்தது.

இகாமாவைப் புதுப்பிப்பது முதலாளியின் கடமை, கட்டணமும் அவருடையதே. பொலிஸில் மாட்டுவது மட்டும் நாம். நாட்டைவிட்டு வெளியேறும் விசாவையும் அவர்தான் எடுத்துத் தர வேண்டும். பொறுக்க முடியாமல் வீட்டைவிட்டு இறங்கினால் 'ஹுரூப்', ஓடிப்போனவள் என்று பதிந்துவிடுவார். 2021 மார்ச்சில் அங்கே இந்த விதிகளைத் தளர்த்தினார்கள். வீட்டுப் பணியாளர்களை அதில் சேர்க்கவில்லை. நான் வந்து சேர்ந்த கதை நீளம். கடைசி மூன்று மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுத்தேன் என்பதோடு நிறுத்துகிறேன்.

உங்களைத் தேடி வருபவர்களுக்கு நீங்கள் விளக்கம் சொல்கிறீர்கள். ஆனால் செயலகத்துக்கு வந்து போனால் எங்களுக்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் முகவரோ நாங்கள் குடியிருக்கும் லயத்து வாசலுக்கே வருகிறார், பிள்ளைகளுக்கு பிஸ்கட்டும் கொண்டுவருகிறார். பிறகு யார் பேச்சை நம்புவார்கள்?

எங்கள் டிவிஷனில் இப்போது மூன்று பெண்கள் கடவுச்சீட்டோடு காத்திருக்கிறார்கள். ஒருத்தியிடம் இருக்கும் விசாக் கடதாசி சுற்றுலா விசாவா, வேலை விசாவா என்று சொல்ல இங்கே ஆளில்லை. தோட்டத்து கிளார்க்குக்கும் அரபு தெரியாது. அவள் விமானம் ஏறும் முன் யாராவது அதை வாசித்து, திகதியை நம் நாட்காட்டிப்படி ஒரு துண்டில் எழுதி, நகலொன்றை அவள் அம்மாவிடம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது.

எங்களுக்குச் சம்பளம் பத்தாம் திகதி. அன்று ஒருவரும் வேலைக்கு நிற்கமாட்டார்கள். காலையில் பெரட்டுக் களத்துக்கு வாருங்கள், தேத்தண்ணீர் நான் ஊற்றித் தருகிறேன்.